விளக்குக்கு ஒன்று, விசிறிக்கு ஒன்று

உங்கள் வீட்டுக் கூடத்தில் உள்ள சுவிட்சுப் பலகையைச் சற்றே உற்றுப் பாருங்கள். ஒரு சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிறது. பக்கத்துச் சுவிட்சைத் தட்டினால் மின்விசிறி சுழல்கிறது. பகலில் விசிறி மட்டும் போதும். மார்கழி மாதத்து மாலையில் விளக்கு மட்டும் போதும். கோடை இரவில் விளக்கை அணைத்துவிட்டு விசிறியை ஓடவிட்டுப் படுத்துக்கொள்கிறோம். நாள்தோறும் பழகிவிட்ட இந்த ஏற்பாட்டைப் பற்றிக் கேள்வி கேட்க நமக்குத் தோன்றுவதில்லை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விளக்கு எரிய இரண்டு கம்பிகள் வேண்டும். ஒன்று மின்னோட்டத்தைக் கொண்டுவருவதற்கு, மற்றொன்று அதைத் திருப்பி எடுத்துச் செல்வதற்கு. விசிறிக்கும் அவ்வாறே இரண்டு. ஆக மொத்தம் நான்கு. ஆனால் சுவிட்சுப் பலகையிலிருந்து கூரைக்கு ஏறும் குழாயினுள் இவ்விரண்டுக்காகவும் செல்பவை பெரும்பாலும் மூன்றே கம்பிகள்தாம்! (பச்சை நிற எர்த் கம்பியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. குழாயை நீங்கள் திறந்து பார்க்க வேண்டாம். மின்பணியாளர் வந்து திறக்கும்போது எட்ட நின்று எண்ணுங்கள்.) நான்காவது கம்பி எங்கே போயிற்று?

அது எங்கும் போகவில்லை. அதற்குத் தேவையே இல்லை. விளக்கின் வழியாக வந்த மின்னோட்டமும், விசிறியின் வழியாக வந்த மின்னோட்டமும் ஒரே கம்பியில் திரும்பிச் செல்லலாம். செம்புக் கம்பி விலை அதிகம். ஒன்று மிச்சமானால் வீட்டுக்காரருக்கு இலாபம். இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் இந்தச் சிக்கனத்தினுள் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. படித்த பெரியவர்கள் பலருக்கும் அது தெரியாது. 'விளக்கு அணைந்திருக்கிறதே, இனித் தொட்டால் என்ன?' என்று அவர்கள் எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் ஏன் தவறு என்று விளக்குவதற்கே இக்கட்டுரை.

தெருமுனையிலிருந்து தொடங்குவோம்

சுவிட்சைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் தெருமுனையில் நிற்கும் மின்மாற்றிக்குப் போக வேண்டும். பெரும்பாலும் 11,000 வோல்ட் மின்னழுத்தத்தில் வரும் மின்சாரத்தை அது குறைத்து நமக்கு வழங்குகிறது. மின்மாற்றியிலிருந்து மூன்று 'பேஸ்' கம்பிகளும் ஒரு 'நியூட்ரல்' கம்பியும் புறப்படுகின்றன. பாடநூலில் நடுநிலைக் கம்பி என்று நீங்கள் படித்திருப்பது இந்த நியூட்ரலைத்தான். சாதாரண வீட்டுக்கு ஒரு பேஸும் ஒரு நியூட்ரலும் வருகின்றன. இவ்விரண்டுக்கும் இடையே 230 வோல்ட். இது மாறுதிசை மின்னோட்டம் ஆதலால் பேஸ் கம்பியின் மின்னழுத்தம் நொடிக்கு 50 முறை மேலும் கீழும் அலைகிறது. அலையின் உச்சியில் அது சுமார் 325 வோல்ட் வரை எட்டுகிறது. 230 என்பது அதன் பயனுறு மதிப்பு.

மாறுதிசை மின்னோட்டத்தில் இரண்டு கம்பிகளும் முறை மாற்றி முறை மாற்றி ஒரே வேலையைத்தானே செய்கின்றன? அப்படியிருக்க ஒன்றைத் தொட்டால் ஆபத்து, மற்றொன்றைத் தொட்டால் இல்லை என்பது எதனால்? நல்ல மாணவர்கள் கேட்கும் கேள்வி இது. விடை மின்மாற்றியின் அடியில் இருக்கிறது. அங்கே நியூட்ரல் கம்பியை மண்ணில் புதைத்த உலோகத்தோடு இணைத்துவிடுகிறார்கள். ஆகவே நாம் நிற்கும் தரையும் நியூட்ரல் கம்பியும் மின்முறையில் ஏறத்தாழ ஒன்றே. தரையில் கால் ஊன்றி நிற்பவர் தம்மை அறியாமலே நியூட்ரலைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கிறார். அவர் கை பேஸ் கம்பியில் பட்டால் போதும், சுற்று முழுமையாகிவிடும்.

இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இனி வருவதெல்லாம் இதிலிருந்தே கிளைப்பது.

சுவிட்சு எந்தக் கம்பியில்?

சுவிட்சு என்பது கம்பியை வெட்டி ஒட்டும் கருவிதானே? வட்டமான சுற்றில் எந்த இடத்தில் வெட்டினாலும் மின்னோட்டம் நின்றுவிடும். பேஸ் கம்பியில் வெட்டினாலும் விளக்கு அணையும். நியூட்ரல் கம்பியில் வெட்டினாலும் அணையும். விளக்குக்கு இரண்டும் ஒன்றே. அது எந்தப் புகாரும் சொல்லாது. வேலை முடிந்ததும் சுவிட்சைத் தட்டிப் பார்த்து, 'எரிகிறது, அணைகிறது, எல்லாம் சரி' என்று போய்விடுபவருக்குத் தாம் செய்தது சரியா தவறா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை.

வேறுபாடு கைக்குத்தான். சுவிட்சு பேஸ் கம்பியில் இருந்தால், அணைத்தவுடன் விளக்கின் ஹோல்டர் முழுவதும் நியூட்ரலோடு மட்டுமே தொடர்பில் இருக்கும். சுவிட்சு நியூட்ரல் கம்பியில் இருந்தால், விளக்கு அணைந்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் காத்துக்கொண்டிருக்கும். பழுதான பல்பைக் கழற்றி வேறு மாட்டும்போது ஹோல்டரின் ஊசியில் விரல் பட்டால் என்ன ஆகும்? சுவிட்சை அணைத்த எச்சரிக்கை அங்கே எந்தப் பயனும் தராது.

இதனால்தான் 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 32-ஆம் விதி, நியூட்ரல் கம்பியில் தனியாகச் சுவிட்சோ ஃபியூசோ வைக்கக் கூடாது என்று கூறியது. பேஸையும் நியூட்ரலையும் ஒரே சமயத்தில் சேர்த்து வெட்டும் இணைச் சுவிட்சுக்கு மட்டும் விலக்கு. 2010-இல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த ஒழுங்குமுறைகளும் இதைத் தொடர்ந்தன. விதி இருக்கிறது, ஆனால் நாட்டில் உள்ள ஒவ்வொரு சுவிட்சுப் பலகையையும் திறந்து பார்த்தவர் யார்?

இங்கே ஒரு சிறு அடையாளம் சொல்லலாம். சில வீடுகளில் எல்.இ.டி. விளக்கு சுவிட்சை அணைத்த பிறகும் மின்மினிபோல மங்கலாக ஒளிர்வதைப் பார்த்திருப்பீர்கள். சுவிட்சு நியூட்ரலில் இருந்தால் இவ்வாறு நேரலாம். விளக்கு முழுவதும் பேஸோடு இணைந்திருப்பதால், சுவருக்கும் பிற கம்பிகளுக்கும் கசியும் மிகச் சிறு மின்னோட்டமே அதை ஒளிரச் செய்யப் போதுமானது. ஆனால் உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். சிறு காட்டி விளக்கு பொருத்திய சுவிட்சும் இதே விளைவைத் தரும். நீண்ட தூரம் அருகருகே செல்லும் கம்பிகளும் தரும். சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு அது ஓர் அறிகுறி, அவ்வளவே.

இரண்டு போக்கு, ஒரு வரவு

சரியாக இணைத்த பலகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பலகைக்குள் ஒரு பேஸ் கம்பி வருகிறது. அது முதல் சுவிட்சின் ஒரு முனையில் இணைகிறது. அங்கிருந்து ஒரு சிறு துண்டுக் கம்பி அடுத்த சுவிட்சின் அதே பக்க முனைக்குத் தாவுகிறது. இதை 'லூப்' என்பார்கள். இப்படி எத்தனை சுவிட்சுகளுக்கு வேண்டுமானாலும் ஒரே பேஸைத் தாவவிடலாம். ஒவ்வொரு சுவிட்சின் மறு முனையிலிருந்தும் தனித்தனிக் கம்பி புறப்படுகிறது: ஒன்று விளக்குக்கு, மற்றொன்று ரெகுலேட்டர் வழியாக விசிறிக்கு. மூன்றாவது கம்பிதான் பொது நியூட்ரல். அது முதலில் விளக்கின் சீலிங் ரோசுக்குப் போய், அங்கே ஒரு திருகில் முறுக்கப்பட்டு, அதிலிருந்து மீண்டும் விசிறிக்குப் போவது நம் வீடுகளில் மிகச் சாதாரணம்.

விளக்கு 40 வாட் இழை விளக்கு எனில் அது 40/230, அதாவது ஏறத்தாழ 0.17 ஆம்பியர் எடுக்கும். 75 வாட் விசிறி சுமார் 0.33 ஆம்பியர். பொது நியூட்ரலில் திரும்புவது 0.5 ஆம்பியருக்குச் சற்று உள்ளேதான் இருக்கும். ஏன் 'சற்று உள்ளே' என்கிறேன்? விளக்கின் மின்னோட்டமும் விசிறியின் மின்னோட்டமும் ஒரே கணத்தில் உச்சியை எட்டுவதில்லை. ஆகவே அவற்றை எளிய கூட்டலாகக் கூட்ட முடியாது. மேல்வகுப்பில் வெக்டர் கூட்டல் படிக்கும்போது இந்த இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும் வீட்டுக் கம்பிக்கு இது மிகச் சிறிய சுமை. கம்பி சூடேறும் என்ற கவலை இல்லை.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது.

மாலை நேரம். விளக்கின் ஹோல்டர் பழுதாகிவிட்டது. வீட்டிலுள்ள ஒருவர் விளக்குச் சுவிட்சை அணைக்கிறார். வியர்க்கிறதே என்று விசிறியை ஓடவிட்டிருக்கிறார். இரும்பு ஏணியில் ஏறிச் சீலிங் ரோசைத் திறக்கிறார். சுவிட்சு பேஸில்தான் இருக்கிறது; எல்லாம் விதிப்படி. நியூட்ரல் திருகைத் தளர்த்தி, அதில் முறுக்கியிருந்த இரண்டு கருப்புக் கம்பிகளைப் பிரித்தெடுக்கிறார். அந்தக் கணமே விசிறி வேகம் குறைந்து நிற்கிறது. 'மின்சாரம் போய்விட்டது போலும், நல்லதாயிற்று' என்று அவர் நினைக்கிறார்.

உண்மையில் நடந்தது என்ன? விசிறியின் சுவிட்சு போட்ட நிலையிலேயே இருக்கிறது. பேஸ் கம்பியிலிருந்து விசிறியின் கம்பிச்சுருள் வரை வழி திறந்திருக்கிறது. சுருளின் மறுமுனை இதுவரை நியூட்ரலோடு இணைந்திருந்தது; இப்போது அது அவர் கையில் இருக்கிறது. சுருளில் மின்னோட்டம் இல்லாதபோது அதில் மின்னழுத்த வீழ்ச்சியும் இல்லை. ஓம் விதியை நினைவுகூருங்கள்: மின்னோட்டம் சுழியானால் மின்தடை எவ்வளவு இருந்தாலும் பெருக்கற்பலன் சுழிதான். ஆகவே பேஸின் 230 வோல்ட் முழுவதும் அந்தக் கருப்புக் கம்பியின் நுனிக்கு வந்துவிட்டது. நியூட்ரல் என்று பெயர் பெற்ற கம்பி, பேஸாக மாறி நிற்கிறது. ஒரு கையில் அது. மறு கையில் உண்மையான நியூட்ரல், அல்லது இரும்பு ஏணி.

அவர் உடலில் எவ்வளவு மின்னோட்டம் பாயும்? தோராயமாகக் கணக்கிடுவோம். விசிறியின் தடுப்பு 230/0.33, சுமார் 700 ஓம். வியர்வையில் நனைந்த உடலின் மின்தடை 1500 ஓம் எனக் கொள்வோம். இரண்டையும் தொடராகக் கூட்டினால் 2200 ஓம். 230-ஐ 2200-ஆல் வகுத்தால் 0.1 ஆம்பியர், அதாவது 100 மில்லி ஆம்பியர். (விசிறியின் தடுப்பு முழுவதும் மின்தடை அன்று, ஆகவே இக்கணக்கு துல்லியமானதன்று. ஆனால் அளவின் வரிசை மாறாது.) 1 மில்லி ஆம்பியரை நாம் உணர்கிறோம். 10 அல்லது 15 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் கைத்தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 30-ஐத் தாண்டினால் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து. 100 மில்லி ஆம்பியர் சில நொடிகளில் இதயத்தின் துடிப்பைச் சிதறடித்துவிடக் கூடும்.

விளக்கு எரிகிறபோது இந்த ஆபத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை; அணைந்த பிறகு யோசிக்கத் தேவையில்லை என்று எண்ணுகிறார்கள். இரண்டு சுவிட்சுகள் ஒரு நியூட்ரலைப் பங்கிட்டுக்கொள்ளும்போது, ஒன்றை அணைப்பது பாதி வேலையே.

டெஸ்டர் இருபுறமும் எரிந்தால்

இதே இயற்பியலை நீங்கள் வேறு உருவத்தில் பார்த்திருக்கக் கூடும். சில நாட்களில் வீட்டில் எதுவும் வேலை செய்யாது. டெஸ்டரை வைத்துப் பார்த்தால் பிளக்கின் ஒரு துளையில் மட்டும் எரிய வேண்டியது இரண்டு துளைகளிலும் எரியும். 'ரிட்டர்ன் வருகிறது' என்பார் மின்பணியாளர். எங்கிருந்து வருகிறது? எங்கோ நியூட்ரல் கம்பி விட்டுப்போயிருக்கிறது. போட்ட நிலையில் இருக்கும் ஏதோ ஒரு விளக்கோ விசிறியோ பேஸை நியூட்ரல் கம்பிக்குள் கடத்திவிடுகிறது. எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டால் நியூட்ரல் பக்கத் துளையில் டெஸ்டர் எரிவது நின்றுவிடும். ஏணி மேல் நின்றவரின் கையில் இருந்த கம்பியும் இதே நிலையில்தான் இருந்தது.

டெஸ்டருக்குள் ஒரு சிறு நியான் விளக்கும், ஏறத்தாழ பத்து இலட்சம் ஓம் அளவில் ஒரு மின்தடையும் தொடராக இருக்கின்றன. அதன் தலையை விரலால் தொடும்போது நம் உடலும் அந்தச் சுற்றில் ஓர் உறுப்பாகிறது. 230-ஐப் பத்து இலட்சத்தால் வகுத்தால் கிடைப்பது கால் மில்லி ஆம்பியருக்கும் குறைவு. நமக்குத் தெரியாது, நியானுக்குப் போதும். டெஸ்டர் மலிவான கருவியானாலும் நல்ல நண்பன். ஆனால் அது எரியவில்லை என்பதை மட்டும் நம்பிக் கம்பியைத் தொடக் கூடாது. நியான் கெட்டுப்போயிருந்தாலும் எரியாது. உலர்ந்த மரப்பலகை மேல் நின்று பார்த்தால் மங்கிப்போகும். மின்சாரம் உள்ள இடத்தில் ஒரு முறை வைத்துப் பார்த்துவிட்டே அதைப் பயன்படுத்த வேண்டும்.

ஃபியூஸ் காப்பாற்றாதா?

காப்பாற்றாது. நம் ஊரில் எது நின்றாலும் 'பீஸ் போச்சு' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் ஃபியூஸ் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்கிறது என்று ஒரு நம்பிக்கை. விளக்கு, விசிறிச் சுற்றில் இருக்கும் ஃபியூசோ, அதன் இடத்தைப் பிடித்துவிட்ட எம்.சி.பி.யோ 6 அல்லது 10 ஆம்பியருக்கு மேல் போனால்தான் அசையும். மனிதர் வழியாகப் பாயும் 0.1 ஆம்பியர் அதன் கண்ணுக்கு ஓர் இழை விளக்கைவிடச் சிறிய சுமை. அது கம்பியைக் காக்கப் பிறந்த கருவி. மனிதரைக் காக்க அன்று.

மனிதரைக் காக்கும் கருவி வேறு. அதன் பெயர் ஆர்.சி.சி.பி. வேலை செய்யும் முறை மிக அழகானது. வீட்டுக்குள் வரும் பேஸும் நியூட்ரலும் ஒரு வளைய வடிவக் காந்த உள்ளகத்தின் ஊடே செல்கின்றன. போன மின்னோட்டம் முழுவதும் திரும்பி வந்தால், இரண்டின் காந்த விளைவுகளும் ஒன்றையொன்று அழித்துவிடும். மனிதர் வழியாகத் தரைக்குச் சிறிது கசிந்துவிட்டால், திரும்பி வருவது அவ்வளவு குறையும். அந்த வேறுபாடு உள்ளகத்தில் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்க, அது வேறொரு சுருளில் மின்னியக்கு விசையைத் தூண்டி, சுவிட்சைத் தட்டிவிடுகிறது. வீடுகளுக்குரிய வகை 30 மில்லி ஆம்பியர் வேறுபாட்டுக்கே, ஒரு நொடியின் சிறு பங்கில் இயங்கும். ஆனால் இதற்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. உலர்ந்த மர முக்காலியில் நின்றுகொண்டு, பிரித்த இரண்டு கருப்புக் கம்பிகளை இரு கைகளிலும் பிடித்தவர் வழியாகப் பாயும் மின்னோட்டம் முழுவதும் நியூட்ரலிலேயே திரும்பிவிடுகிறது. போனதும் வந்ததும் சமம். அந்த மனிதர் கருவிக்கு ஒரு பல்பாகவே தெரிவார்.

ஆகவே மின்வேலை செய்பவர் முதலில் அணைக்க வேண்டியது மெயினை. அது பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டும் இணைச் சுவிட்சாக இருந்தால் இன்னும் நல்லது. அதுவும் இன்று போதாது. பல வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறது. அது எந்தச் சுற்றுகளுக்கு மின்சாரம் தருகிறது? குறிப்பாக விளக்குக்கும் விசிறிக்கும்தான்! மெயினை அணைத்தவுடன், 'மின்சாரம் போய்விட்டது' என்று எண்ணி இன்வெர்ட்டர் தன் 12 வோல்ட் மின்கலத்திலிருந்து 230 வோல்ட்டை உண்டாக்கி அதே கம்பிகளில் செலுத்தத் தொடங்கிவிடும். தெருவே இருண்டிருக்கும்போதும் அந்த வீட்டுச் சீலிங் ரோசில் ஆபத்து இருக்கும். மெயினோடு இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும்.

ஒரே தண்டில் விளக்கும் விசிறியும்

விசிறியின் அடியிலேயே விளக்குப் பொருத்திய வகை இப்போது நம் கடைகளில் விற்கிறது. இது புதுமை அன்று. அமெரிக்காவில் சிங்கர் தையல் இயந்திர நிறுவனத்தில் பணியாற்றிய பிலிப் டீல் என்பவர் 1880-களில் தையல் இயந்திரத்துக்கான மின்மோட்டாரைக் கூரையில் தொங்கவிட்டு விசிறி செய்தார். பின்னர் அதனோடு விளக்கையும் இணைத்தார். அந்நாட்டு வீடுகளில் அறையின் நடுவே கூரையில் ஒரே ஒரு மின்பெட்டி இருப்பது வழக்கம். விளக்கு மாட்டியிருந்த அதே இடத்தில் இரண்டும் சேர்ந்த விசிறியை மாட்டிவிடுகிறார்கள். பழைய விளக்குக்குச் சுவரில் ஒரு சுவிட்சுதானே இருந்திருக்கும்? எனவே இரண்டும் சேர்ந்தே எரியும், சேர்ந்தே அணையும். தனித்தனியாக வேண்டுமானால் இரண்டாவது சுவிட்சும், அதிலிருந்து கூரைக்கு இன்னொரு கம்பியும் போட்டாக வேண்டும்.

ஒரே சுவிட்சில் இரண்டையும் இணைத்து, நடுவே விசிறியின் ரெகுலேட்டரையும் வைத்தால் என்ன? ரெகுலேட்டர் விசிறிக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைக்கிறது. பழைய பெட்டி ரெகுலேட்டர் மின்தடைக் கம்பியில் வெப்பமாக வீணடித்துக் குறைத்தது, கைவைத்தால் சுடும். இன்றைய படிநிலை ரெகுலேட்டர் மின்தேக்கிகளைக் கொண்டு ஏறத்தாழ வீணின்றிக் குறைக்கிறது. இரண்டிலும் விளக்குக்கும் குறைந்த மின்னழுத்தமே கிடைக்கும். இழை விளக்காயின் மங்கும். எல்.இ.டி. விளக்காயின் அதனுள் இருக்கும் மின்னணுச் சுற்று குழம்பிச் சிமிட்டும். விரைவில் கெட்டும் போகலாம். விசிறிக்கும் விளக்குக்கும் தனிப்பாதை வேண்டும் என்பதற்கு வசதி மட்டும் காரணமன்று. பி.எல்.டி.சி. என்னும் புதுவகை விசிறி 30 வாட் அளவில் ஓடுகிறது. தன் வேகத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் மின்னணுச் சுற்று அதற்குள்ளேயே இருப்பதால், அதற்குச் சுவர் ரெகுலேட்டர் கூடவே கூடாது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் விசிறியில் இன்னொரு பொறி இருக்கிறது. கம்பிகளின் நிறம். நம் வீடுகளில் வழிவழியாகச் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ், கருப்பு நியூட்ரல், பச்சை எர்த். அமெரிக்காவில் கருப்புத்தான் பேஸ்! வெள்ளை நியூட்ரல். அந்நாட்டு விளக்கு விசிறிகளில் பெரும்பாலும் கருப்பு விசிறிக்கும், நீலம் விளக்குக்கும் போகும். வெள்ளை இரண்டுக்கும் பொது நியூட்ரல். ஐரோப்பாவிலோ பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல். நம்முடைய சிவப்பும் கருப்பும் பழைய பிரிட்டிஷ் வழக்கம். பிரிட்டனே 2004 முதல் 2006-க்குள் ஐரோப்பிய நிறங்களுக்கு மாறிவிட்டது. ஆக, ஒரு நீலக் கம்பி ஓரிடத்தில் பேஸ், ஓரிடத்தில் விளக்குக் கம்பி, ஓரிடத்தில் நியூட்ரல். நிறத்தை மட்டும் நம்பி 'கருப்போடு கருப்பு' என்று முறுக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதை நீங்களே படம் வரைந்து பாருங்கள். அமெரிக்க விசிறி 120 வோல்ட், 60 ஹெர்ட்சுக்குச் செய்யப்பட்டது என்பது தனிச் செய்தி. நம் 230 வோல்ட்டில் அது பிழைக்காது.

மேசை மேல் ஒரு வீடு

வீட்டு மின்கம்பிகளில் நீங்கள் கைவைக்கக் கூடாது. உரிமம் பெற்றவரே செய்ய வேண்டும். ஆனால் மேலே சொன்ன அத்தனையையும் இரண்டு உலர் மின்கலங்களைக் கொண்டு ஆபத்தின்றிச் செய்து பார்க்கலாம். 3 வோல்ட் டார்ச் பல்பு ஒன்று, பொம்மைக் காரின் சிறு மோட்டார் ஒன்று, இரண்டு சிறு சுவிட்சுகள், ஒரு சிவப்பு எல்.இ.டி., அதனோடு தொடராக 330 ஓம் மின்தடை ஒன்று. அட்டைப்பலகையில் இவற்றைப் பொருத்துங்கள். மின்கலத்தின் நேர்முனையைப் பேஸாகவும், எதிர்முனையை நியூட்ரலாகவும் தரையாகவும் கொள்ளுங்கள். நேர்முனையிலிருந்து இரண்டு சுவிட்சுகளுக்கும் லூப். அவற்றிலிருந்து பல்புக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று. இரண்டின் மறுமுனைகளையும் ஓரிடத்தில் முறுக்கி, அங்கிருந்து ஒரே கம்பி எதிர்முனைக்கு.

எல்.இ.டி.தான் ஏணி மேல் நிற்கும் மனிதர். அதன் குட்டைக் காலை எதிர்முனையோடு இணைத்துவிடுங்கள். நெட்டைக் கால்தான் கை. முதலில் பல்பின் சுவிட்சை அணைத்து, மோட்டாரை ஓடவிட்டு, முறுக்கிய இடத்தைக் கையால் தொடச் செய்யுங்கள். எல்.இ.டி. எரியாது. இப்போது முறுக்கிய இடத்திலிருந்து எதிர்முனைக்குப் போகும் பொதுக் கம்பியை மட்டும் பிரித்துவிடுங்கள். மோட்டார் நிற்கும், எல்.இ.டி. எரியும்! வோல்ட்மீட்டர் இருந்தால் அந்த இடத்தை அளந்து பாருங்கள்; மின்கலத்தின் 3 வோல்ட்டும் ஏறத்தாழ அப்படியே இருக்கும். அடுத்து, பொதுக் கம்பியை மீண்டும் இணைத்து, பல்பின் சுவிட்சை எடுத்து அதன் திரும்பும் வழியில் வைத்துப் பாருங்கள். பல்பு அணைந்தபின் அதன் முனைகளைக் கை தொடட்டும்.

கடைசியாக ஒன்று. சுவிட்சைப் பழைய இடத்திலேயே வைத்து, பல்பு, மோட்டார் இரண்டின் சுவிட்சுகளையும் போட்டுவிட்டுப் பொதுக் கம்பியைப் பிரித்தால், பல்பும் மோட்டாரும் தொடராக இணைந்து மங்கலாகவேனும் எரியுமா, ஓடுமா? என் வகுப்பில் பாதிப் பேர் 'ஆம்' என்பார்கள். முதலில் படம் வரைந்து ஒவ்வொரு முனையிலும் எத்தனை வோல்ட் என்று எழுதுங்கள். அதன் பிறகு பிரித்துப் பாருங்கள்.